இலங்கை வலைப்பந்து அணியின் சர்வதேசப் பதிவு: வன்னி மைதானங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு பாடசாலை மைதானத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறேன். பயிற்சி முடிந்து பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் கேள்விகள் வரும். வேலியோரம் சைக்கிளோடு காத்து நிற்கும் தாய்மாரும் கேட்பார்கள். ஒட்டுசுட்டான், மாங்குளம், பரந்தன் என்று போட்டிக்குப் போகும் இடங்களிலும் அதே கேள்விகள்தான். ஒருவருக்குச் சொன்ன எண் இன்னொருவருக்குச் சொல்லும்போது மாறிவிடக் கூடாது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அந்தக் கொப்பிதான் இது. கேட்டவர்களின் வார்த்தைகளை இயன்றவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

ரீச்சர், இலங்கை எத்தனை தரம் ஆசியச் சம்பியன்?

ஆறு தரம்: 1989, 1997, 2001, 2009, 2018, 2022. ஆசிய வலைப்பந்துச் சம்பியன்ஷிப் 1985 இல் தொடங்கியது. முதல் கிண்ணத்தை மலேசியா வென்றது. 2024 வரை நடந்த 13 தொடர்களில் ஆறு எங்களுடையவை. ஆசியாவில் வேறு எந்த நாடும் இத்தனை தரம் வெல்லவில்லை.

ஆறு என்ற எண்ணோடு நின்றுவிடாமல் இடைவெளிகளையும் பாருங்கள். 2009 க்கும் 2018 க்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள். அதற்குள் 2012 உம் 2014 உம் சிங்கப்பூருக்குப் போயின, 2016 மலேசியாவுக்குப் போனது. 2024 இல் பெங்களூருவில் நடந்த இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் எங்களை 67–64 என்று வென்றது. அந்த ஆட்டத்தைப் பற்றிக் கடைசியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

வலைப்பந்தும் கூடைப்பந்தும் ஒன்றுதானே? வளையத்துக்குள் பந்து போட்டால் சரிதானே?

இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 இல் அமெரிக்காவில் கூடைப்பந்தை உருவாக்கினார். அது இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களுக்கான ஆட்டமாக மாறியபோது வேறு விளையாட்டாகிவிட்டது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இதைப் பெண்கள் கூடைப்பந்து என்றுதான் அழைத்தார்கள். ஆகவே இந்தக் குழப்பம் எங்கள் ஊரில் மட்டும் உள்ளதன்று.

வலைப்பந்தில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கைக்கு வந்த பந்தை மூன்று விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். பந்து வைத்திருப்பவருக்கு 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் தடுக்கலாம். வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. அணிக்கு ஏழு பேர், ஒவ்வொருவருக்கும் போகக்கூடிய எல்லை உண்டு. கோல் போடும் உரிமை ஜீ.எஸ். (கோல் சூட்டர்), ஜீ.ஏ. (கோல் அற்றாக்) என்று மார்பில் எழுத்து அணிந்த இரண்டு பேருக்கு மட்டும். அவர்களும் 4.9 மீற்றர் அரைவட்டத்துக்குள் நின்றுதான் எறிய வேண்டும். கால் மணி நேரமாக நான்கு பகுதிகள், மொத்தம் 60 நிமிடம்.

பலகை இல்லாததால் பந்து விளிம்பில் பட்டுத் திரும்பும் கோணம் முற்றிலும் வேறு. கூடைப்பந்து பழகிவிட்டு வரும் பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் பந்தை வளையத்துக்குப் பின்னால் எறிந்துகொண்டே இருப்பார்கள்.

கைபேசியில் ஆண்களும் பெண்களும் கலந்து விளையாடுவதைப் பார்த்தேன், உயரமான கம்பத்தில் கூடை. அதுவும் வலைப்பந்தா?

இல்லை, அது கோர்ஃப்பால். நெதர்லாந்துப் பாடசாலை ஆசிரியர் நிக்கோ புரூக்ஹொய்சன் 1902 இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. அணிக்கு நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். கம்பம் 3.5 மீற்றர், எங்களுடையது 3.05 மீற்றர். அங்கும் பந்தோடு ஓட முடியாது, பலகை இல்லை. ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும்தான் மறிக்கலாம். இரண்டு கோல் விழுந்தவுடன் தாக்கியவர்கள் தடுக்கப் போவார்கள், தடுத்தவர்கள் தாக்க வருவார்கள். ஆகவே எல்லோரும் எல்லா வேலையும் பழக வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. சிறிய வகுப்புப் பிள்ளைகளை அதுபோல மாற்றி மாற்றி விளையாட விடுகிறேன்.

சர்வதேசப் பதிவு என்று வந்தால் கோர்ஃப்பாலில் ஒரு விந்தை உண்டு. 1978 முதல் 2023 வரை 12 உலகச் சம்பியன்ஷிப்கள் நடந்தன. அவற்றில் 11 ஐ நெதர்லாந்து வென்றது. தவறிப்போனது 1991 மட்டும். அது பெல்ஜியத்துக்குப் போனது. ஒரு நாட்டில் ஓர் ஆட்டத்தைக் கழகம் கழகமாகச் சிறு வயதிலிருந்தே விளையாடினால் பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. வலைப்பந்தில் அந்த இடத்தில் அவுஸ்திரேலியா இருக்கிறது.

உலகக் கிண்ணத்திலும் நாங்கள் விளையாடுகிறோமா?

முதல் தொடரிலிருந்தே. 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதல் உலகத் தொடரில் சிலோன் என்ற பெயரில் விளையாடினோம். அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதியில் விளையாடிக்கொண்டிருந்த காலத்தில், பொது விதிகளை வகுத்துச் சர்வதேசச் சம்மேளனம் அமைக்க நாடுகள் 1960 இல் கூடின. கூடிய இடம் கொழும்பு. நான்கு ஆண்டுக்கொரு முறை உலகத் தொடர் நடத்துவது என்றும் அங்கேதான் முடிவானது. இன்று உலகம் முழுவதும் விளையாடும் வலைப்பந்தின் விதிகள் எங்கள் தீவில் கூடிய ஒரு கூட்டத்தில் உருவானவை என்பதைப் பிள்ளைகளுக்கு நான் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

இடங்களைப் பொறுத்தவரை மறைக்க ஒன்றுமில்லை. 2015 இல் சிட்னியில் 16 அணிகளில் கடைசி. 2019 இல் லிவர்பூலில் பதினைந்தாம் இடம். 2023 இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனிலும் விளையாடினோம். ஆபிரிக்க மண்ணில் நடந்த முதல் வலைப்பந்து உலகக் கிண்ணம் அது. அதை அவுஸ்திரேலியா வென்றது.

ஆசியாவில் முதலாம் இடம், உலகத்தில் பதினைந்தாம் இடம். இரண்டில் எது உண்மை?

இரண்டும் உண்மை. இதைக் கேட்ட பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று வயது. பெரியவர்கள் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

வலைப்பந்து பழைய பிரித்தானிய ஆட்சி நாடுகளில் வேர் ஊன்றிய விளையாட்டு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, ஜமைக்கா, தென்னாபிரிக்கா, மலாவி என்று வலிமையான அணிகள் எல்லாம் ஆசியாவுக்கு வெளியே இருக்கின்றன. ஆசியாவுக்குள் எங்களுக்கு நிகரானவர்கள் சிங்கப்பூரும் மலேசியாவும்தான். ஆகவே ஆசியக் கிண்ணத்தை வெல்வது சிறிய வகுப்பில் முதலாம் பிள்ளையாக வருவதைப் போன்றது. முதலாம் இடம் முதலாம் இடம்தான், அதற்கு உழைப்பு வேண்டும். ஆனால் அடுத்த வகுப்பின் வினாத்தாள் வேறு.

அந்த வினாத்தாளில் என்ன இருக்கிறது? அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2017 முதல் இன்றைய வடிவில் முழுமையான லீக் தொடர்கள் நடக்கின்றன. அங்கே ஒரு வீராங்கனை வாரத்துக்கு வாரம் தன்னைவிட வலிமையானவருக்கு எதிராக விளையாடுகிறார், அதற்கு ஊதியமும் பெறுகிறார். எங்கள் தேசிய வீராங்கனைகளில் பலர் வங்கியிலும் முப்படையிலும் வேலை செய்துகொண்டு பழகுகிறார்கள். உலகத் தரத்து அணி ஒன்றை அவர்கள் எதிர்கொள்வது பெரும்பாலும் உலகக் கிண்ணத்திலேயே. 190 சென்ரிமீற்றரைத் தொடும் தடுப்பாளர் ஒருவர் எப்படிப் பாய்வார் என்பதை முதன்முதலாகப் பரீட்சை நாளில் பார்த்தால் யார்தான் தடுமாற மாட்டார்கள்?

கடைசி இடம் என்று கேட்டவுடன் சிலர் கையை உதறுகிறார்கள். அது எனக்கு வலிக்கும். அந்த 16 அணிகளுக்குள் நுழையவே ஆசியாவில் மற்ற நாடுகளைக் கடந்து வர வேண்டும்.

தர்ஜினி அக்கா எங்கள் பக்கமா? வன்னியா?

தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாண மாவட்டத்தின் புன்னாலைக்கட்டுவன் ஈவினையைச் சேர்ந்தவர். வன்னி அல்ல, ஆனால் ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டினால் அவர் மண்தான். உயரம் 208 சென்ரிமீற்றர். உலக வலைப்பந்தின் மிக உயரமான வீராங்கனை என்று பேசப்பட்டவர். 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் இருந்தார். மெல்பேர்னில் சிற்றி வெஸ்ட் பல்கன்ஸ் கழகத்துக்காகவும் விளையாடினார்.

2018 அணியில் இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார், எழிலேந்தினி சேதுகாவலர். அவர் பெயர் இங்கே குறைவாகத்தான் கேட்கிறது. சுவரில் படம் ஒட்டும் பிள்ளைகளிடம் இருவரின் பெயரையும் எழுதச் சொல்வேன்.

2019 இல் ஒரே ஆளே எல்லாக் கோலும் போட்டாராமே, உண்மையா?

கிட்டத்தட்ட. லிவர்பூலில் சிங்கப்பூரை 88–50 என்று வென்றோம். அந்த 88 இல் 76 தர்ஜினியுடையவை. அந்தத் தொடர் முழுவதிலும் அவர் போட்டது 348 கோல். தொடரில் மிக அதிகம் போட்டவரும் அவரே. பதினைந்தாம் இடம் பெற்ற அணியிலிருந்து உலகக் கிண்ணத்தின் முதலாம் கோல்காரி வந்தார் என்பதை நின்று யோசித்துப் பாருங்கள். அவுஸ்திரேலியாவின் கோல்காரிக்கு நல்ல பந்து நிறையக் கிடைக்கும். தர்ஜினிக்கு அப்படி இல்லை.

அப்படியென்றால் இது ஒரு ஆளின் அணியா?

இதைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: அந்தப் பந்தை அவர் கைக்குக் கொண்டுபோனது யார்? உயரமான ஜீ.எஸ். ஒருவருக்குத் தலைக்கு மேலே, தடுப்பாளரின் விரல் நுனியைத் தாண்டி, ஆனால் எல்லைக் கோட்டுக்கு உள்ளே பந்தை விழுத்துவது மிகக் கடினமான எறிதல். சற்றுத் தாழ்ந்தால் பறிபோகும், சற்று நீண்டால் வெளியே போகும். அரைவட்டத்தின் விளிம்பில் நின்று டபிள்யூ.ஏ. (விங் அற்றாக்) என்ற ஓரத் தாக்குநரும் நடு ஆட்டக்காரியான சென்ரரும் அதை 76 தரம் சரியாகச் செய்திருக்கிறார்கள். அவர்களின் பெயர் கோல் கணக்கில் வருவதில்லை.

ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பந்தும் ஒருவரிடம் போகும் என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்டால், வலிமையான அணிகள் அவரைத் தொடாமல் அவருக்கு வரும் வழியை அடைத்துவிடும். அந்த வழி அடைபட்டால் ஜீ.ஏ. தானாகக் கோல் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உலகக் கிண்ணத்தில் எங்களுக்குக் கைகொடுக்காதது அந்த இரண்டாவது கை என்பது என் கருத்து.

என் மகள் கட்டை. உயரம் இல்லாமல் இந்த விளையாட்டில் என்ன செய்வாள்?

முந்தைய பதிலை ஒரு தரம் படியுங்கள் அம்மா. சென்ரர், டபிள்யூ.ஏ., ஓரத் தடுப்பாளரான டபிள்யூ.டி. (விங் டிபென்ஸ்) என்ற மூன்று இடங்களுக்கும் வேண்டியது ஓட்டம், கண், கை. ஏழில் மூன்று. மைதானத்தில் அதிகம் ஓடுபவர் சென்ரர். ஐந்தடிப் பிள்ளைகள் அந்த இடத்தில் மிக நன்றாக விளையாடுவதை நான் பார்த்திருக்கிறேன். வயல் வரம்பில் ஓடி வளர்ந்த பிள்ளைகளுக்குத் திடீரென்று நின்று திரும்புவது இயல்பாகவே வரும்.

2009 இல் கிண்ணம் வென்றபோது எங்களுக்கு ஏன் தெரியாமல் போனது?

அந்த ஆண்டு வன்னி மக்கள் எங்கே இருந்தார்கள் என்பது இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். நான் செட்டிகுளத்து முகாமில் இருந்தேன். தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாட்களில் வலைப்பந்து என்ற சொல்லே எங்கள் வாயில் வந்ததில்லை. ஈவினைப் பெண் ஒருத்தி அந்த ஆண்டு ஆசியாவை வென்ற அணியில் விளையாடினாள் என்பதை, ஊர் திரும்பிய பிறகு, கடையில் பருப்புச் சுற்றித் தந்த பழைய பத்திரிகைத் தாளில்தான் படித்தேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

2022 இல் கிரிக்கெட் ஆசியக் கிண்ணம் வென்ற இரவு வெடி கொளுத்தினோம். வலைப்பந்து வென்றது எப்போது?

அதே நாள். 2022 செப்ரெம்பர் 11. துபாயில் ஆண்கள் பாகிஸ்தானை வென்றார்கள். சிங்கப்பூரில் கயாஞ்சலி அமரவன்ச தலைமையிலான வலைப்பந்து அணி சிங்கப்பூரை 63–53 என்று வென்றது. எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாக நாடே சோர்ந்து கிடந்த ஆண்டு அது. 2020 இல் நடக்க வேண்டிய தொடர் தொற்றினால் தள்ளிப்போய், அணி நீண்ட காலம் சர்வதேச ஆட்டம் இல்லாமல் இருந்துவிட்டுப் போய் வென்றது. இரு அணிகளும் நாடு திரும்பியபோது கட்டுநாயக்கவிலிருந்து ஒரே ஊர்வலமாக அழைத்து வந்தார்கள்.

ஒலிம்பிக்கில் ஏன் வலைப்பந்து இல்லை?

ஒலிம்பிக் குழு 1995 இல் அங்கீகாரம் கொடுத்தது. போட்டியாக இதுவரை சேர்க்கவில்லை. பொதுநலவாய விளையாட்டு விழாவில் 1998 முதல் இருக்கிறது.

இந்தியாவிலும் வலைப்பந்து அணி இருக்கிறதா ரீச்சர்? தமிழ்நாட்டுச் சொந்தங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள்.

இருக்கிறது. 2010 டெல்லி பொதுநலவாய விழாவில் போட்டி நடத்திய நாடாக விளையாடினார்கள். முதல் பதிலில் சொன்ன 2024 ஆசியத் தொடரும் இந்திய மண்ணில்தான் நடந்தது. ஆனால் இலங்கையில் போல ஒவ்வொரு பெண்கள் பாடசாலையிலும் கம்பம் நட்டிருக்கும் நிலை அங்கே இல்லை.

தம்பிமார் விளையாடலாமா?

விளையாடலாம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆண்கள் அணிகள் உண்டு. உலகக் கிண்ணம் பெண்களுக்கு மட்டும். எங்கள் பயிற்சியில் உயரமான தம்பிமார் இரண்டு பேரைத் தடுப்பாளராக நிறுத்துவேன். எங்கள் ஜீ.எஸ். பிள்ளைக்கு மேலே எழும் கைகளைப் பார்த்துப் பழக அதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. ஆசியாவும் உலகமும் பற்றிய கேள்வியில் எழுதிய குறைக்கு ஊரளவில் நான் செய்யும் மருந்து அது.

வன்னியிலிருந்து தேசிய அணிக்கு வழி என்ன? யாரைப் பிடிக்க வேண்டும்?

யாரையும் பிடிக்க வேண்டாம், ஆட்டங்களைப் பிடியுங்கள். வழிகள் இரண்டு. பாடசாலை வழி: வயதுப் பிரிவு வாரியாகக் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம். ஒவ்வொரு படியிலும் வென்றவர்கள் மேலே போவார்கள். மற்றது பிரதேச செயலக வழி: தேசிய விளையாட்டு விழாவுக்காகப் பிரதேசம், மாவட்டம், மாகாணம் என்று நடக்கும் போட்டிகள். பாடசாலையை விட்ட பெண்களும் அதில் விளையாடலாம். இதைப் பலர் அறியாமல் உயர்தரத்தோடு சப்பாத்தைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். தேசிய மட்டத்தில் கண்ணில் பட்டவர்களைத்தான் தேர்வு முகாமுக்கு அழைப்பார்கள். அதன் பிறகு வங்கிகளின் அணிகள் வேலை கொடுத்துச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. தர்ஜினி சேலான் வங்கி அணிக்காக விளையாடியவர்.

எங்கள் இடர் எண்ணிக்கையில் இருக்கிறது. நகரப் பாடசாலை ஒன்று பருவத்துக்கு எத்தனையோ சிநேகபூர்வ ஆட்டம் விளையாடும். எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பாடசாலையே பல கிலோமீற்றர் தள்ளி. பின்னேர பஸ் ஒன்றுதான். வலயப் போட்டிக்குப் போகும்போது அது அந்த ஆண்டின் மூன்றாவது ஆட்டமாக இருக்கும். ஒரு முறை மாகாணப் போட்டிக்கு எங்களுக்கு வர வேண்டிய வாகனம் வரவே இல்லை. பிள்ளைகள் சீருடையோடு வாசலில் மதியம் வரை நின்றார்கள். அதிலிருந்து போக்குவரத்துக்குப் பெற்றோரே சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கிறோம்.

நல்ல தரை இல்லை, கம்பம் இல்லை. கிரவலில் என்னத்தைப் பழகுவது?

கம்பத்துக்குப் பத்தடி இரும்புக் குழாய் போதும். வளையத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். பல இடங்களில் பழைய சைக்கிள் றிம்மைக் கட்டியிருப்பதைப் பார்த்தேன். வளையத்தின் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும்; பெரியவர்களின் சைக்கிள் றிம் அதைவிட மிகவும் அகலம். அதில் பழகிய பிள்ளை போட்டி வளையத்தைப் பார்த்ததும் நம்பிக்கையை இழந்துவிடும். கம்பி வளைக்கும் பட்டறையில் அளவைச் சொன்னால் அரைமணி வேலை.

கிரவலில் சறுக்கும் என்பது உண்மை. அதனால் தரையிறங்கும் காலை முதலில் பழக்குகிறேன். பந்தைப் பிடித்து இறங்கிய கால் மீண்டும் தரையில் ஊன்றக் கூடாது என்ற விதியும் அதோடு சேர்ந்து படிந்துவிடும். மாரியில் மைதானம் குளமாகும் வாரங்களில் வகுப்பறை விறாந்தையில் மார்பளவுப் பாஸ் மட்டும். சோளகம் வீசும் மாதங்களில் நீண்ட தூர எறிதலைத் தவிர்த்து வளையத்துக்கு அடியில் வந்து எறியப் பழக்குவேன். இதற்கு எதிர்பாராத பலன் ஒன்று உண்டு: காற்றில் பழகிய பிள்ளை உள்ளரங்கில் எறியும்போது பந்து சொன்ன இடத்துக்குப் போகிறது என்று வியந்து நிற்கும்.

உயர்தரம் எடுக்கும் பிள்ளையை மைதானத்துக்கு விட்டால் படிப்பு என்னாவது?

பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் நானே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அதற்கு முன்னால் வாரத்தில் மூன்று பின்னேரம், ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே, யாரோடு என்று பெற்றோருக்குத் தெரியும். தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அதை நம்பிப் புத்தகத்தை மூடச் சொல்ல மாட்டேன். அந்த மட்டத்தைத் தொடுபவர்கள் மிகச் சிலர்.

எங்கள் பிள்ளைக்குச் சிங்களம் வராது. அணியில் சேர்ந்தால் எப்படிச் சமாளிப்பாள்?

தேசிய மட்டப் பாடசாலைப் போட்டிக்கு முதன்முதலாகப் போனபோது என் பயமும் அதுவே. ஆட்டத்துக்குள் பேச நேரமே இல்லை. மூன்று விநாடியில் பந்து போய்விடும். கை எந்தப் பக்கம் நீள்கிறதோ பந்து அங்கே வர வேண்டும், அதுதான் பேச்சு. தடுமாற்றம் வருவது ஆட்டத்துக்கு வெளியே, சாப்பாட்டு மேசையிலும் விடுதி அறையிலும். அதற்குப் பத்து வாக்கியம் போதும், அவற்றைப் பழக்கி அனுப்புகிறேன். பத்தாவது வாக்கியம், மாதவிடாய் வலிக்கிறது இன்று ஓட முடியாது என்பது. அதைச் சொல்லத் தெரியாமல் ஓடி மயங்கிய பிள்ளை ஒருத்தியை எனக்குத் தெரியும்.

2018 இல் 19 கோலால் வென்றோம், 2022 இல் 10, 2024 இல் தோற்றோம். நாங்கள் கீழே போகிறோமா?

எண்கள் சரி. 2018 இறுதி ஆட்டம் 69–50. சத்துரங்கி ஜயசூரிய தலைவி, திலகா ஜினதாச பயிற்றுவிப்பாளர். பிறகு 63–53, பிறகு 64–67. மூன்றிலும் எதிரே நின்றது சிங்கப்பூர். பார்த்தவுடன் சரிவு என்றுதான் தோன்றும். ஆனால் வலைப்பந்தில் கோல் வித்தியாசத்தை வாசிக்க ஒரு கணக்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் படம் மாறும்.

ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் மையத்திலிருந்து பந்தைத் தொடங்கும் வாய்ப்பு இரு அணிக்கும் மாறி மாறி வரும். யார் கோல் போட்டாலும் இந்த முறை மாறாது. பிள்ளைகள் இதைச் சென்ரர் பாஸ் என்பார்கள். ஆகவே இரு அணியும் தங்கள் தங்கள் சென்ரர் பாஸைக் கோலாக்கினால் ஆட்டம் சமநிலையில் முடியும். வித்தியாசம் வருவது ஒருவர் மற்றவரின் பந்தைப் பறித்துக் கோலாக்கும்போது. ஒரு பந்தைப் பறித்தால் எதிரிக்கு ஒன்று குறையும், எங்களுக்கு ஒன்று கூடும், வித்தியாசம் இரண்டு. இப்போது பாருங்கள். 19 கோல் வித்தியாசம் என்றால் அவர்களைவிட ஒன்பது பத்துப் பந்து கூடுதலாகப் பறித்திருக்கிறோம். 10 என்றால் ஐந்து. மூன்று கோல் தோல்வி என்றால் 60 நிமிடத்தில் ஒன்று அல்லது இரண்டு பந்து.

ஆகவே 2024 இல் கிண்ணம் கைமாறியது ஒரு பந்திலோ இரண்டு பந்திலோ. நாங்கள் விழுந்துவிட்டோம் என்று இதை நான் வாசிக்க மாட்டேன். 64 கோல் போட்ட அணி தாக்குதலில் குறைந்த அணி இல்லை, 2022 இல் வென்றபோது போட்டதும் 63 தான். மாறியது எதிரியின் எண்: 50, 53, 67. சிங்கப்பூர் வளர்ந்திருக்கிறது, நாங்கள் அவர்கள் பந்தைப் பறிக்கும் வேகம் குறைந்திருக்கிறது. கோல்காரிகளை மட்டுமே தேடிக்கொண்டிருக்கும் பயிற்றுவிப்பாளர்கள், நான் உட்பட, வளையத்தருகே தடுக்கும் ஜீ.டி. (கோல் டிபென்ஸ்) யையும் ஜீ.கே. (கோல் கீப்பர்) யையும் இதே கவனத்தோடு தேட வேண்டிய காலம் இது.

எங்கள் பயிற்சி ஆட்டங்களில் இப்போது கோலை எண்ணுவதோடு, வெளியே இருக்கும் பிள்ளை ஒருத்தி பறித்த பந்துக்கும் கொப்பியில் கோடு போடுகிறாள். சென்ற வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்பு ஜீ.டி. பிள்ளையின் பெயருக்கு எதிரே ஏழு கோடு இருந்தது. கோல் ஒன்றும் போடாத அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். கொடுத்தேன்.